மூன்றாம் விதிக்குக் கீழே கையால் எழுதியது

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு ஜெராக்ஸ் கடையில் எனக்கு விழுந்த திட்டிலிருந்து வந்தது.

நான் வஹீதுன்னிசா. சேலம் சூரமங்கலத்தில் இருக்கிறேன். கதை எழுதுவேன். கதை சோறு போடாத மாதங்களில், அதாவது எல்லா மாதமும், எழுத்து வேலை எது வந்தாலும் செய்வேன். பிள்ளைகளை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பும் ஒரு நிறுவனத்துக்காகப் போன ஜூனில் ஒரு கையேடு எழுதிக் கொடுத்தேன். அயல்நாட்டில் உங்கள் பிள்ளையின் பாதுகாப்பு. நான்கு பக்கம், பன்னிரண்டு விதி. அந்த ஊர் அவசர எண்ணை மனப்பாடம் செய்துகொள். பாஸ்போர்ட்டின் நகலைத் தனியாக வை. இரண்டு காதிலும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நடக்காதே. ஒன்பதாவதாக, யாராவது பின்தொடர்வதாகத் தோன்றினால் அறைக்குப் போகாதே, வெளிச்சமும் ஆட்களும் இருக்கும் இடத்துக்குள் நுழை. எழுதி முடித்தபோது எனக்கே என்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

நாமகிரிப்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் பெற்றோர் கூட்டம். நாற்பது பேர் வருவார்கள் என்று நிறுவனத்தின் முருகானந்தம் சொன்னார். நூறு பேர் வந்துவிட்டார்கள். "மேடம், சாப்பாடு முடியறதுக்குள்ள இன்னும் அறுபது காப்பி வேணும்" என்று என்னைத் துரத்தினார். எதிர்ச்சாரியில் ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. கடையில் இருந்த பெண் தாளை வாங்கி, மெஷினில் வைக்காமல், நின்று நிதானமாகப் படித்தார். அடுத்தவர் தாளைப் படிப்பது என்ன பழக்கமோ என்று நினைத்தேன்.

"ஏனுங்க, இத எழுதுனது யாருங்க?"

"நான்தாங்க" என்றேன், பாராட்டை வாங்கிக்கொள்ளத் தயாராக.

"மூணாவது தப்புங்க."

மூன்றாவது விதி இது: பிள்ளை வெளியே கிளம்பும்போது 'எங்கே போகிறாய்' என்று கேளுங்கள். தினமும் கேளுங்கள். கேட்க ஓர் ஆள் இருக்கிறார் என்று பிள்ளைக்குத் தெரியவேண்டும்.

"கெளம்பறவங்கள எங்க போறீங்கன்னு கேக்கலாமுங்களா?" என்றார் அவர். "படிச்சவங்க நீங்களே இப்படி எழுதி ஊரெல்லாம் குடுத்தா எப்படிங்க?"

அவர் பெயர் கலைமணி. இது அவர் கதை. நான் இதில் அறுபது பிரதிக்காக நிற்கிறவள், அவ்வளவுதான்.


2

தொடக்கம் மூன்று முறை எழுதிப் பார்த்தேன். அடித்ததை மறைக்காமல் வைக்கிறேன், பாருங்கள்.

முதல் தொடக்கம்: "மெல்பர்னில் மாலை ஐந்தரைக்கே இருட்டிவிட்டது. சிந்துஜா வேகமாக நடந்தாள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள், திரும்பினாள். அவன் இன்னும்

இங்கே நிறுத்திவிட்டேன். நான் மெல்பர்னைப் பார்த்ததில்லை, அது போகட்டும். இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் பயத்தை முதல் வரியிலேயே தூண்டிலில் மாட்டி உங்களை இழுப்பது எனக்கே வெட்கமாக இருந்தது.

இரண்டாம் தொடக்கம்: "லாரிக்காரர் மனைவியின் வாழ்க்கை என்பது ஒரு நீண்ட காத்திருப்பு. வாசலில் நின்று

இதைப் படித்தால் கலைமணி சிரித்துவிடுவார். வாசலில் நிற்க அவருக்கு ஏது நேரம்? அவர் கடை வாசலில் ஆதார் நகலுக்கும் சிட்டா நகலுக்கும் எந்நேரமும் நாலு பேர் நிற்கிறார்கள்.

மூன்றாம் தொடக்கத்தில் ஒரு மாமியாரைச் சேர்த்திருந்தேன். வெற்றிலை இடித்தபடி சகுனம் பற்றி நாலு வார்த்தை சொல்வார். அப்படி ஒருவர் அந்த வீட்டில் கிடையாது. கதை என்றால் ஒரு மூலையில் அப்படி ஒரு கிழவி வேண்டும் என்ற பழக்கதோஷத்தில் கொண்டுவந்தேன். அனுப்பிவிட்டேன்.


2 (மறுபடியும்)

தனசேகர் லாரி எடுத்துக் கிளம்பும்போது கலைமணி எங்கே என்று கேட்கமாட்டார். பையைப் பார்ப்பார். கம்பளி உள்ளே போனால் வடக்கே. பெரிய டப்பாவில் ஊறுகாய் போட்டுக்கொண்டால் பத்து நாளுக்குக் குறையாது. லுங்கி இரண்டோடு நிறுத்திக்கொண்டால் பெங்களூரோ கொச்சியோ, நாளை மறுநாள் வந்துவிடுவார். லாரி தெரு முனை திரும்பி அரை மணி ஆகும்வரை வாசல் பக்கம் விளக்குமாறு எடுக்கமாட்டார். அப்புறம் கடை திறக்கப் போய்விடுவார். இப்படியே இருபத்து மூன்று வருஷம்.

அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறார்.

கல்யாணமாகி இரண்டாம் வருஷம். தனசேகர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். கையில் மாவோடு சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்துக் கலைமணி, "எங்கீங்க லோடு?" என்று கேட்டுவிட்டார். புதுசாகக் கல்யாணமானவர், ஆசையாகக் கேட்டார். "நாக்பூரு" என்றார் தனசேகர். கேட்ட பிறகுதான் கலைமணிக்குச் சுருக்கென்றது. "கேட்டுப்புட்டேன், செத்த உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போங்க" என்று சொம்போடு ஓடிவந்தார். நேரமாச்சு என்று அவர் ஏறிவிட்டார். நாலாம் நாள் லாரி கவிழ்ந்தது. வலது காலில் கம்பி வைத்து, ஏழு மாதம் கட்டிலில் கிடந்தார்.

"யாரும் என்னைய ஒரு வார்த்த சொல்லலீங்க" என்றார் கலைமணி என்னிடம். மெஷின் சூடாகி நின்றுவிட்டதால் பேச நேரம் கிடைத்தது. "சொல்லியிருந்தா நாலு சண்ட போட்டு மறந்திருப்பனுங்க. சொல்லாததுனால உள்ளயே தங்கிப்போச்சு."

[இந்த இடத்தில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். நீளமான ஓட்டத்தில் தூக்கம் பற்றி, தேய்ந்த டயர் பற்றி, கேள்விக்கும் விபத்துக்கும் தொடர்பில்லை என்று. எல்லாம் சரிதான். ஆனால் எங்கள் வீட்டிலும் கிளம்பினவரைப் பின்னாலிருந்து கூப்பிடமாட்டோம். சாவியை மறந்துவிட்டு என் வீட்டுக்காரர் ஜங்ஷனுக்கே போய்ச்சேர்ந்தாலும் வாயைத் திறக்கமாட்டேன். அந்தப் பத்தியை எழுத எனக்கு என்ன யோக்கியதை? அடித்துவிட்டேன்.]

சிந்துஜா அவர்களுடைய ஒரே மகள். எங்கே போகிறாய் என்ற கேள்வியே இல்லாத வீட்டில் வளர்ந்தாள். எட்டாவது படிக்கும்போது ஒரு நாள் புத்தகப் பையைத் தோளில் மாட்டியபடி சண்டை போட்டாள்.

"எல்லாரோட அம்மாவும் கேக்கறாங்க. நீ மட்டும் ஒரு நாளும் கேக்கறதில்ல. நான் எங்க போனா ஒனக்கென்ன?"

கலைமணி சமையற்கட்டுக்குள் போனார். மகள் போகும்போது டிபன் டப்பாவில் இரண்டு முறுக்கு அதிகமாக இருந்தது.

பிறகு சேலத்தில் கல்லூரி. விடுதித் தோழிகளின் அம்மாக்கள் மணிக்கொரு தடவை போன் போட்டுக் குடைய, சிந்துஜாவின் அம்மா கேட்பதே இல்லை என்று மற்றவர்கள் பொறாமைப்பட்டார்கள். அவளும் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டாள். அந்தப் பெருமையில் எவ்வளவு நிஜம் என்று எனக்குத் தெரியாது. அவளை நான் சந்தித்ததில்லை.


4

(மூன்றை எழுதாமல் விட்டிருக்கிறேன். கலைமணி தப்பு என்று சொன்ன எண் அது. சரிசெய்ய ஏதாவது கிடைத்தால் அங்கே வருகிறேன்.)

மெல்பர்னில் சிந்துஜா உணவு அறிவியல் படிக்கிறாள். மத்தியானம் முதல் ஐந்தரை வரை ஒரு ரொட்டிக் கடையில் வேலை. அங்கே ஐந்தரை என்றால் நாமகிரிப்பேட்டையில் ஒரு மணி. கடையிலிருந்து அறைக்கு இருபது நிமிட நடை. அந்த இருபது நிமிடமும் அவள் அம்மாவோடு போனில் பேசியபடி நடப்பாள். ஜூன் மாதம் அவர்களுக்குக் குளிர்காலம். ஐந்தரைக்கே விளக்குப் போட்டுவிடுவார்கள். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கும்.

எங்கே இருக்கிறேன் என்று மேப்பில் பார்க்கும்படி செய்து தருகிறேன் என்றாள் சிந்துஜா. கலைமணி வேண்டாம் என்றுவிட்டார். "நடக்கறப்ப பாத்துக்கிட்டே இருந்தா அதுவும் கேக்கற மாதிரித்தானுங்க?" என்றார் என்னிடம்.*

ஆனால் பையைப் பார்த்தே ஊரைச் சொல்கிறவர் சும்மா இருப்பாரா? காதால் அந்த வழியைப் படித்துக்கொண்டார். முதலில் கடைக் கதவு சாத்தும் சத்தம். அப்புறம் ரோடு தாண்டும் இடத்தில் சிக்னல் கம்பம் டிக், டிக் என்று அடிக்கும். தாண்டலாம் என்றால் படபடவென்று அடிக்கும். ஏழாவது நிமிடம் ரயில்வே கேட் மணி. கேட் தாண்டியதும் ஒரு நாய். இரண்டே குரைப்பு, கடமைக்கு. பிறகு காலடியில் சரளைக்கல். சாவி. கதவு. "வந்துட்டேன்மா." அதன்பிறகுதான் கலைமணி சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறப்பார்.

நான் அங்கே போன நாளுக்கு ஐந்து நாள் முன்னால் ரயில்வே கேட் மணி கேட்கவில்லை.

இன்றைக்கு ரயில் இல்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டார். மறுநாள் நாயும் இல்லை. மூன்றாம் நாள் பஸ் சத்தம், நிறைய ஆள் சத்தம், சிக்னல் மூன்று தடவை. இருபது நிமிடம் முப்பத்தைந்து ஆனது. மகள் மூச்சு வாங்கினாள். மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள். ரொட்டி கருகியதைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தாள். முந்தின நாளும் அதே ரொட்டியைத்தான் சொல்லியிருந்தாள்.

கலைமணிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

* ஒரு வாசகர் கேட்பார்: அதெப்படி, போன் பண்ணினால் மட்டும் பரவாயில்லையா? நானும் கேட்டேன். "அது தொணைங்க. தொணைக்குக் கூட நடக்கறது வேற, எங்கேன்னு கேக்கறது வேற" என்றார். எனக்குப் புரிந்தது. உங்களுக்கும் புரியும் என்று நம்பி மேலே போகிறேன்.


5

இங்கே என் பாத்திரத்தின் மேல் எனக்கே கோபம் வந்தது. பெண் வழி மாற்றிச் சுற்றிப் போகிறாள் என்றால் யாரோ பின்னால் வருகிறான் என்று அர்த்தம். எந்த அம்மா ஐந்து நாள் வாயை மூடிக்கொண்டிருப்பாள்? நீங்களும் இதையேதான் கேட்பீர்கள் என்று தெரியும். அதனால் கதைக்கு வெளியிலிருந்தே கேட்டுவிட்டேன், கடைக் கவுண்டர்மேல் கையை ஊன்றிக்கொண்டு.

"கேக்காமயா இருக்கீங்க?"

"கேட்டனுங்க. ரூமுக்குப் போயி உக்காந்ததுக்கப்புறம் கேட்டேன். 'ஒண்ணுமில்லம்மா, குளுரு, அதான் வேகமா நடந்தேன்'ங்கறா. கதவச் சாத்துனதும் அவளுக்குத் தைரியம் வந்துருதுங்க. பொய் சொல்ற தைரியம்."

"ரூம்ல கூட யாரும் இல்லையா?"

"ஜோயான்னு ஒரு புள்ள, ஐதராபாத். தங்கமான புள்ள. ஆனா அது வேலைக்குப் போயி ஏழு மணிக்குத்தான் ஊடு வருது."

"அப்பாகிட்ட சொல்லச் சொல்லலாமே."

"அதுக்குத்தானுங்க பயப்படறா. சொன்னா மூட்டையக் கட்டிட்டு வந்துருன்னுடுவாரு. அவ ஆசப்பட்ட படிப்புங்க."

அவர் கண் கலங்கவில்லை. நான் எழுதிய முதல் வரைவில் கலங்கவைத்திருந்தேன். உண்மையில் அவர் மெஷின் மூடியைத் திறந்து உள்ளே ஊதிக்கொண்டிருந்தார். ஊதிக்கொண்டே, "ரோட்டுல நடந்துக்கிட்டிருக்கறப்பக் கேட்டா நெசத்தச் சொல்லிருவா" என்றார். "எனக்குத் தெரியும். எம் புள்ளைங்க அவ. அந்தக் கேள்விய அஞ்சு நாளா நாக்குல வெச்சுக்கிட்டுத் திரியறேன். கேட்டு, நாக்பூரு மாதிரி ஆயிப்போச்சுன்னா?"

நான் பன்னிரண்டு விதி எழுதினவள். ஒன்று முதல் பன்னிரண்டு வரை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன்.

மணி ஒன்று. போன் அடித்தது.


6

முடிவு அ: கலைமணி அன்றும் கேட்கவில்லை. வழக்கம்போல ரொட்டிக் கதை. சாவி, கதவு, வந்துட்டேன்மா. நாளைக்கும் இதே ஒரு மணி வரும்.

இது நடந்திருக்கக்கூடியது. அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை.

முடிவு ஆ: எழுத்தாளராகிய நான் போனைப் பிடுங்கி, "அம்மாடி சிந்துஜா, ஒன்பதாவது விதியைச் சொல்கிறேன் கேள்" என்று தெளிவாக விளக்குகிறேன். கலைமணி கையெடுத்துக் கும்பிடுகிறார். மண்டபத்தில் கைதட்டல்.

இதை எழுதிவிட்டு நானே சிரித்துவிட்டேன்.

முடிவு இ: தகவல் தெரிந்து தனசேகர் லாரியை ஓரங்கட்டிவிட்டு

கடல் இருக்கிறதே. வேண்டாம்.


3

இனி வருவதில் கலைமணி பக்கம் மட்டும்தான் என் காதில் விழுந்தது. போனின் அந்தப் பக்கத்தை நான்தான் எழுதியிருக்கிறேன். கூடக் குறைய இருந்தால் பழி என்னுடையது.

"மா, கெளம்பிட்டேன்."

"சாப்பிட்டியா சாமி?"

"ம். நீ?"

"சாப்பிடோணும். ஒரு அம்மா காப்பி எடுக்க வந்து நிக்கறாங்க."

சிக்னல் கம்பம் டிக், டிக் என்றது. படபடத்தது. அப்புறம் பஸ் சத்தம். இன்றைக்கும் சுற்று வழி. மகள் ஏதோ சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினாள். காலடி மட்டும் கேட்டது, வேகமாக.

"மா, லைன்ல இரு."

இருபது நிமிடமும் லைனில்தான் இருக்கிறார்கள், தினமும். இரு என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

கலைமணி மெஷின் கண்ணாடிமேல் கிடந்த என் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரு கையால் கவுண்டரைப் பிடித்துக்கொண்டார்.

"சிந்து. எங்க சாமி போற?"

அங்கே காலடி நின்றுவிட்டது.

"மா, நீ கேட்டுட்டம்மா."

"ஆமா, கேட்டுட்டேன். கேட்டதுக்கப்புறம் அப்படியே நடக்கக் கூடாது. பக்கத்துல என்ன கடை இருக்குது?"

"கடையா? மருந்துக் கடை ஒண்ணு."

"லைட்டு எரியுதா? ஆளு இருக்காங்களா?"

"இருக்காங்க."

"உள்ள போ. உக்காரச் சேரு இருக்குமில்ல? உக்காரு. பையில தண்ணி வெச்சிருக்கியா? ஒரு வாய் குடி. நான் சொல்ற வரைக்கும் எந்திரிக்காத."

"மா, எதுக்கு"

"ஒங்கப்பன அன்னிக்கு உக்கார வெக்காம உட்டுட்டேன். ஒன்னைய உட மாட்டேன். போ சாமி, உள்ள போ."

கதவு திறக்கும் மணி கேட்டது. நாற்காலி கேட்டது. பாட்டில் மூடி. கலைமணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மகள் தண்ணீர் விழுங்குவதைக் கேட்டார்.

"குடிச்சியா?"

"குடிச்சேன்."

"இன்னொரு வாய்."

இரண்டாவது வாய்க்கு நடுவில் சிந்துஜா அழுதுவிட்டாள். எட்டாவது படிக்கும்போது கேட்டிருக்கவேண்டிய கேள்வி, பத்து வருஷம் கழித்து, கடல் தாண்டி வந்து சேர்ந்திருக்கிறது. அழாமல் என்ன செய்வாள்? கலைமணி அழவிட்டார். அப்புறம் அவள் சொன்னாள்:

"மா, ஒருத்தன் ரயில்வே கேட் பக்கத்துல டெய்லி நிக்கறாம்மா. அஞ்சு நாளா பின்னாலயே"

இந்த வாக்கியத்தை முடிக்கமாட்டேன். அவள் அம்மாவிடம் சொன்னதை அவள் அம்மா கேட்டுக்கொண்டார். "நீ என்ன பண்ணுன? நீ ஒண்ணும் பண்ணல சாமி" என்று மட்டும் இரண்டு தடவை என் காதில் விழுந்தது.

நான் என் தாளைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்பதாவது விதி மூன்றாம் பக்கத்தில் இருந்தது. பின்தொடர்வதாகத் தோன்றினால் அறைக்குப் போகாதே, வெளிச்சமும் ஆட்களும் இருக்கும் இடத்துக்குள் நுழை. கலைமணி முதல் பக்கத்தையே இன்னும் தாண்டவில்லை. கேட்ட பாவத்துக்குத் தெரிந்த ஒரே பரிகாரத்தைச் செய்தார், பெண் போய்ச் சேரவேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தாள். இதற்கு மேல் இதில் விளக்கம் தேட எனக்கு மனசில்லை. அவர் வைத்திருந்த தண்ணீர்ச் சொம்பை எடுத்து, கேட்காமலே ஒரு வாய் குடித்தேன்.

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, கலைமணி சட்டென்று பேனாவை எடுத்தார். மூன்றாம் விதியை அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அதற்குக் கீழே எழுதினார்: கேட்டுட்டா உக்கார வெச்சு தண்ணி குடுத்து அனுப்பணும். தாளைக் கண்ணாடிமேல் கவிழ்த்து, மூடியைச் சாத்தி, அறுபது என்று அழுத்தினார். மெஷினும் ஆறியிருந்தது.

மண்டப வாசலில் நின்று முருகானந்தம் கையை ஆட்டினார். அறுபது பிரதியையும் வாரிக்கொண்டு, போயிட்டு வாரேன் என்று சைகை காட்டினேன். கலைமணி தலையசைத்தார். எங்கே என்று என்னைக் கேட்கவில்லை. அவர் காதில் இன்னும் போன் இருந்தது.

அப்புறம் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியுமா? தெரியும் என்றால் சொல் என்பீர்கள். தெரியாது என்றால் பிறகு எதற்கு எழுதினாய் என்பீர்கள். இரண்டுக்கும் நான் தயாராக இல்லை. முடிவை உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

சிந்துஜா இப்போதும் அந்த மருந்துக் கடையில் உட்கார்ந்திருக்கிறாள். பாட்டிலில் பாதித் தண்ணீர் இருக்கிறது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே ரோடு இருட்டாக இருக்கிறது. ஜோயாவுக்குப் போன் போட்டு வேலையிலிருந்து வரவழைக்கலாம். போலீசைக் கூப்பிடலாம், எண் முதல் விதியில் இருக்கிறது. கல்லாவில் நிற்கும் பெண்ணையே கோட்டு மாட்டிக்கொண்டு கூட வரச் சொல்லலாம். உங்கள் இஷ்டம், எப்படி வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளுங்கள். அவளைத் தனியாக மட்டும் எழுந்துபோக விட்டுவிடாதீர்கள்.